கிளான்ஃபியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம்களில் டிராகனுக்கும் ட்ரெமோராவுக்கும் கிடைத்த கவனத்தில் கால்பங்குகூட கிளான்ஃபியருக்குக் கிடைத்ததில்லை. வழியில் வரும் இன்னொரு மிருகம் என்று வெட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அது அப்படி இல்லை. டெட்லேண்ட்ஸ் என்ற நெருப்பு நிலம் வெறும் சண்டைக்களமாகத் தெரியாமல், உயிர்கள் வாழும் ஒரு காடு மாதிரித் தெரிவதற்கு முக்கியக் காரணமே இந்த மிருகம்தான் என்று நினைக்கிறேன். புதிதாக விளையாட வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஸ்கைரிம் பற்றிய கேள்வியில் ஆப்லிவியன் கதையின் முடிவு வருகிறது. இன்னும் முடிக்காதவர்கள் அதை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

கிளான்ஃபியர் என்றால் என்ன?

தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் வரும் ஒரு டேட்ரா மிருகம். இரண்டு காலில் ஓடும், பல்லி இனத்து உடல், கையில் நீண்ட நகங்கள். பெதெஸ்டா நிறுவனத்தின் இந்தத் தொடரில் மோரோவிண்ட், ஆப்லிவியன், எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் ஆகிய மூன்று கேம்களிலும் இதைச் சந்திக்கலாம்.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

தலையைப் பாருங்கள், போதும். கிளி மூக்கு மாதிரி வளைந்த அலகு. அதற்குப் பின்னால் விசிறி மாதிரி விரிந்த எலும்புக் கவசம், ஓரமெல்லாம் முள். மூன்று கொம்பு டைனோசர் டிரைசெராடாப்ஸின் தலையை எடுத்து, பின்னங்காலில் ஓடும் வேட்டை டைனோசரின் உடலில் பொருத்தியது போல இருக்கும். இங்கேதான் அந்த வடிவத்தின் அழகைப் பார்க்கிறேன். டிரைசெராடாப்ஸ் தழை தின்னும் பிராணி. அதன் தலைக்கவசம் தற்காப்புக்கானது என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அதையே துரத்தி வரும் ஒரு வேட்டை மிருகத்தின் தலையில் வைத்ததும், கேடயத்தை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடிவரும் போர்வீரன் மாதிரி ஆகிவிடுகிறது. நேராக நம்மைப் பார்த்து ஓடி வரும்போது தலை மட்டும்தான் தெரியும். பாய்ந்த பிறகுதான் நகம் கண்ணில் படும்.

வாலும் நீளம். ஓடும்போது உடம்பு முன்னால் சாயாமல் நிறுத்துவது அதுதான்.

டேட்ரா என்றால் பேய், பிசாசு மாதிரியா?

அப்படி மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. அந்த உலகத்து எல்ஃப் மொழியில் ஏட்ரா என்றால் 'நம் முன்னோர்', டேட்ரா என்றால் 'நம் முன்னோர் அல்லாதவர்'. மனிதர்கள் வாழும் உலகத்தைப் படைப்பதில் பங்கெடுக்காத சக்திகள் எல்லாம் டேட்ரா. அதில் தெய்வங்களுக்கு நிகரான இளவரசர்கள் உண்டு, கவசம் போட்டுப் பேசும் ட்ரெமோரா வீரர்கள் உண்டு, நெருப்பாலும் பனியாலும் ஆன அட்ரோனாக்குகள் உண்டு. அவற்றோடு விலங்குகளும் உண்டு. கிளான்ஃபியர் அந்தக் கடைசி வகை.

இந்த வித்தியாசம் முக்கியம். ட்ரெமோரா உங்களை வெறுத்து வருகிறான், அதை வாயால் சொல்லவும் செய்வான். கிளான்ஃபியருக்கு வெறுப்பும் கிடையாது, கொள்கையும் கிடையாது. தன் இடத்துக்குள் வேறொரு உயிர் வந்துவிட்டது, அதனால் பாய்கிறது.

இன்னொன்று: டேட்ரா உயிர்கள் நிரந்தரமாகச் சாவதில்லை. உடம்பு அழியும், உயிர் ஆப்லிவியன் என்ற அவற்றின் உலகத்துக்கே திரும்பிப் போய் மறுபடி உடம்பெடுக்கும்.

அது யாருடைய படையைச் சேர்ந்தது?

முதன்மையாக மெஹ்ரூன்ஸ் டேகன் என்ற டேட்ரா இளவரசனுடையது. அழிவும் மாற்றமும் புரட்சியும் அவனுடைய ஆட்சிப் பொருள்கள். மோரோவிண்ட் கேமுக்குள் கிடைக்கும் ஒரு புத்தகமே ஸ்கேம்ப் என்ற சின்ன டேட்ரா, கிளான்ஃபியர், ட்ரெமோரா மூன்றையும் டேகனோடு சேர்த்துச் சொல்கிறது. ஆப்லிவியனில் வரும் டெட்லேண்ட்ஸ் அவனுடைய நிலம்.

ஆனால் அவனுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில், வானத்திலிருந்து சங்கிலியோடு இறங்கும், மோலாக் பால் என்ற இன்னொரு இளவரசனின் கறுப்பு நங்கூரங்களின் அருகே போய் நின்றால், அங்கேயும் கிளான்ஃபியர்கள் வந்து குதிக்கும். எந்த இளவரசன் வளர்த்தாலும் வளரும் வேட்டை மிருகம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எந்தக் கேமில் எந்தக் காலத்தில் வருகிறது?

வெளியான வரிசையில் சொன்னால் மோரோவிண்ட் 2002, ஆப்லிவியன் 2006, ஆன்லைன் 2014. கதையின் காலவரிசையில் ஆன்லைன்தான் முதலில் வரும், அது இரண்டாம் யுகம் 582. மோரோவிண்ட் மூன்றாம் யுகம் 427, ஆப்லிவியன் அதற்கு ஆறு வருடம் கழித்து, 433. ஆப்லிவியனின் ரீமாஸ்டர், அதாவது புதுப்பித்த பதிப்பு, 2025 ஏப்ரலில் வந்தது, அதிலும் கிளான்ஃபியர் இருக்கிறது.

மோரோவிண்டில் இதைத் தேடிப் போக வேண்டும். வார்டன்ஃபெல் தீவில் சிதறிக் கிடக்கும் டேட்ரா கோயில் இடிபாடுகள்தான் அதன் இருப்பிடம். ஆப்லிவியனில் நீங்கள் தேட வேண்டாம், அதுவே உங்களைத் தேடி வரும்.

ஸ்கைரிமில் ஏன் இல்லை? (ஆப்லிவியன் முடிவு இதில் வருகிறது)

2011இல் வெளியான மூல ஸ்கைரிமில் கிளான்ஃபியர் கிடையாது. கதைக்குள்ளேயே அதற்குப் பொருத்தமான காரணம் ஒன்றைப் பார்க்கலாம். ஆப்லிவியனின் முடிவில் பேரரசின் வாரிசான மார்ட்டின் செப்டிம் தன்னையே கொடுத்து, அகடோஷ் என்ற தெய்வத்தின் டிராகன் வடிவமாகி டேகனைத் துரத்துகிறான். அதோடு இரு உலகங்களுக்கும் நடுவே உள்ள தடுப்பு அடைபடுகிறது. ஸ்கைரிம் நடப்பது நான்காம் யுகம் 201இல், கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்து. வாசல் திறந்து படை படையாக இறங்கும் காலம் அப்போது போய்விட்டது. மந்திரவாதிகள் தனித்தனியாக ட்ரெமோராவையும் அட்ரோனாக்கையும் வரவழைப்பது மட்டும் தொடர்கிறது.

அந்தப் பட்டியலில் கிளான்ஃபியரையும் சேர்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

ஆப்லிவியனில் 'கிளான்ஃபியர் ரன்ட்' என்று வருகிறதே, அது குட்டியா?

வளர்ச்சி குன்றியது, சவலை என்று எடுத்துக்கொள்ளலாம். கேமின் கணக்கில் அது குறைந்த லெவல் ஆட்டக்காரருக்கான வடிவம். நீங்கள் ஆரம்ப லெவலில் இருந்தால் ரன்ட் வரும், லெவல் ஏறினால் முழு வளர்ச்சியடைந்தது வரும். ஸ்கேம்பிலும் இப்படி ஒரு குன்றிய வகை இருக்கிறது.

ஆப்லிவியனில் குவாட்ச் நகரத்துக்கு முன்னால் திறக்கும் டெட்லேண்ட்ஸ் வாசலுக்கு எப்போது போவது நல்லது?

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேறு கேம்களில் பழகியவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். "முதலில் பத்துப் பதினைந்து லெவல் ஏறிவிட்டு, நல்ல கவசம் வாங்கிவிட்டு, அப்புறம் போகலாம்" என்று நினைக்கிறார்கள். ஆப்லிவியனில் எதிரிகள் உங்கள் லெவலோடு சேர்ந்தே வளர்வார்கள். லெவல் ஒன்று, இரண்டில் போனால் ரன்ட்டும் ஸ்கேம்ப்பும்தான் எதிரில் நிற்கும். பதினைந்துக்கு மேல் போனால் முழு கிளான்ஃபியர், முதலைத் தலை டேட்ராத், சிலந்தி டேட்ரா என்று பெரிய பட்டியலே காத்திருக்கும். அங்கே உங்களோடு நின்று சண்டை போடும் குவாட்ச் காவலர்களுக்கு அது பெரிய சோதனை.

நான் முதல்முறை விளையாடியபோது இருபது லெவல் தாண்டித்தான் குவாட்ச் போனேன். காவலர் தலைவன் சாவ்லியன் மேட்டியஸின் ஆட்கள் ஒவ்வொருவராக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் நேராகப் போனேன், எல்லோரையும் காப்பாற்ற முடிந்தது. வாசலுக்கு உள்ளே நுழைந்ததும் ஐலெண்ட் வோனியஸ் என்ற காவலன் உயிரோடு இருப்பான். அவனிடம் பேசி உங்களோடு வரச் சொல்லலாம். ஆரம்ப லெவலில் அந்த ஒரு ஆளின் துணை பெரிய பலம்.

சீக்கிரம் போவதில் ஒரு நஷ்டமும் உண்டு. வாசலை மூடும்போது கோபுரத்தின் உச்சியில் எடுக்கும் சிஜில் கல்லின் (ஆயுதத்திலும் கவசத்திலும் மந்திரம் ஏற்ற உதவும் கல்) தரம் உங்கள் லெவலைப் பொறுத்தது. ஆனால் குவாட்ச் ஒரே ஒரு வாசல்தான், பின்னால் நிறையத் திறக்கும். அந்த ஒரு கல்லுக்காக நகரத்தைக் காத்திருக்க வைக்க வேண்டாம்.

கிளான்ஃபியரைக் கொல்வது எப்படி?

முதலில் அதன் பழக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மிக வேகமாக ஓடிவரும், கடைசி சில அடிகளைத் தாவிக் கடக்கும், தலையால் முட்டும், நகத்தால் கீறும். தூரத்திலிருந்து தாக்கும் வித்தை எதுவும் ஆப்லிவியன் கிளான்ஃபியரிடம் இல்லை. ஸ்கேம்ப் நெருப்பு உருண்டை எறியும், இது எறியாது. ஆகவே அதற்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் தூரம் முழுக்க உங்களுக்குச் சாதகம். கண்ணில் பட்ட நொடியிலேயே வில்லையோ மந்திரத்தையோ பயன்படுத்தத் தொடங்கிவிடுங்கள். கிட்டே வந்த பிறகு பின்னால் ஓடித் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம், அதன் கால் உங்கள் காலைவிட வேகம்.

கிட்டே வந்துவிட்டதா? கேடயத்தை உயர்த்துங்கள். ஆப்லிவியனில் தடுக்கப்பட்ட அடி அடித்தவனையே ஒரு கணம் தடுமாற வைக்கும். அந்தக் கணத்தில் ஒரு அடி, அதிகம் போனால் இரண்டு. மறுபடி கேடயம். அவசரப்பட்டு வாளை வீசிக்கொண்டே இருப்பவர்கள்தான் இதனிடம் தோற்கிறார்கள். தாளம் பிடிபட்டுவிட்டால் முதல் லெவல் ஆட்டக்காரர்கூட ரன்ட்டைச் சிரமமில்லாமல் சாய்க்கலாம்.

வரவழைக்கும் மந்திரம் தெரிந்தால் ஒரு எலும்புக்கூட்டையோ ஸ்கேம்ப்பையோ முன்னால் நிறுத்துங்கள். கிளான்ஃபியர் அதன்மேல் பாயும், நீங்கள் பக்கத்திலிருந்து அடிக்கலாம். உயரமான பாறைமேல் ஏறி நின்றுகொண்டு அம்பு விடுவதும் வேலை செய்யும், அது கீழே அலைந்துகொண்டே இருக்கும். உயிர் ஒரு கீற்றுதான் மிச்சம் என்ற நிலையில் நானும் செய்திருக்கிறேன். எப்போதும் அப்படியே விளையாடினால் இந்த மிருகத்தின் பாய்ச்சல் எப்படிப்பட்டது என்பதே தெரியாமல் போய்விடும்.

நான் வாளால் வெட்டினால் என் உயிரும் குறைகிறதே, ஏன்?

கிளான்ஃபியருக்கு அடியைத் திருப்பிவிடும் தன்மை உண்டு. நீங்கள் கொடுக்கும் சேதத்தில் ஒரு பங்கு உங்களுக்கே வரும். வாள், கோடரி, வெறுங்கை என நெருங்கி அடிக்கும் அடிகளுக்குத்தான் இது பொருந்தும். அம்புக்கும் மந்திரத்துக்கும் பொருந்தாது. உங்கள் ஆயுதம் எவ்வளவு பலமோ அவ்வளவுக்குத் திரும்பி வரும் அடியும் பெரிதாக இருக்கும். பெரிய இரட்டைக்கை ஆயுதத்தோடு, உயிர் குறைவாக இருக்கும்போது ஒரே வீச்சில் முடிக்கப் பார்ப்பது ஆபத்து.

முள் நிறைந்த உடம்பை ஓங்கி அடித்தால் அடிக்கிற கைக்கும் காயம் படும். அந்த எண்ணத்தை ஒரு எண்ணாக மாற்றி விதியாக்கியிருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. உருவமும் விதியும் இப்படி ஒத்துப்போவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதன் நகத்தால் என்ன பயன்?

ஆப்லிவியனில் செத்த கிளான்ஃபியரிடமிருந்து நகம் கிடைக்கும். ரசவாதத்தில் அதற்கு நான்கு குணங்கள்: நோய் தீர்த்தல், நோய் எதிர்ப்பு, முடக்கம், உயிர்ச் சேதம். முதல் இரண்டும் மருந்து, அடுத்த இரண்டும் விஷம். நான்கும் ஒரே நேரத்தில் உங்களுக்குத் தெரியாது. ரசவாதத் திறன் 25க்குக் கீழே இருந்தால் முதல் குணம் மட்டும், 25இல் இரண்டு, 50இல் மூன்று, 75இல் நான்கும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை மேண்ட்ரேக் வேரோடு சேர்ப்பது. அதற்கும் முதல் இரண்டு குணங்கள் நோய் தீர்த்தலும் நோய் எதிர்ப்பும்தான். ஆகவே திறன் எதுவும் இல்லாத முதல் நாளிலேயே நோய் தீர்க்கும் மருந்து தயார். திறன் 25 ஆனதும் அதே இரண்டு பொருளில் எதிர்ப்பும் சேர்ந்துவிடும்.

முடக்கும் விஷம் வேண்டுமென்றால் பெருஞ்சீரக விதை. அதில் முடக்கம் நான்காவது குணம் என்பதால் 75 வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது வீண் போகாது. ஆயுதத்தில் தடவி ஒரு அடி பட்டாலே எதிரி கட்டை மாதிரி விழுவான், எழுந்து நிற்பதற்குள் சண்டை முடிந்திருக்கும். கிளான்ஃபியரின் நகத்தில் செய்த விஷத்தை இன்னொரு கிளான்ஃபியர்மேலேயே பயன்படுத்துவதுதான் நான் வழக்கமாகச் செய்வது. வேகத்தையே நம்பி வாழும் மிருகத்துக்கு முடக்கத்தைவிடப் பெரிய எதிரி இல்லை.

மோரோவிண்டில் இந்த நகம் ஒரு பொருளாகவே கிடையாது.

மோரோவிண்டில் அதன் ஆன்மாவைப் பிடிப்பதில் லாபம் உண்டா?

சுமார்தான். பிடித்த ஆன்மாவை வைத்துத்தான் பொருள்களில் மந்திரம் ஏற்றுவோம். கிளான்ஃபியரின் ஆன்மா மதிப்பு 100, ஸ்கேம்ப்புக்கும் அதே. நிரந்தர மந்திரம் ஏற்ற 400 வேண்டும், அதற்கு கோல்டன் செயின்ட் மாதிரிப் பெரிய டேட்ராவைத்தான் தேட வேண்டும். ஆயுதத்தில் மந்திரச் சக்தி தீர்ந்துபோனால் மறுபடி ஏற்றுவதற்கு இது தாராளமாகப் போதும்.

நானே ஒரு கிளான்ஃபியரை வரவழைக்க முடியுமா?

முடியும். மோரோவிண்டிலும் ஆப்லிவியனிலும் அதற்கென்றே வரவழைக்கும் மந்திரம் இருக்கிறது. ஆப்லிவியனில் ஒரு நேரத்தில் ஒரு உயிரை மட்டுமே வைத்திருக்கலாம். ஸ்கேம்ப் போதாது என்று தோன்றும் கட்டத்தில் கிளான்ஃபியர் நல்ல அடுத்த படி. தூரத்தில் நிற்கும் வில்லாளியையோ மந்திரவாதியையோ நோக்கி விட்டுப் பாருங்கள், அவனை அது நிம்மதியாகக் குறிபார்க்க விடாது. குறுகலான நடைபாதையில் மட்டும் வரவழைக்காதீர்கள். உங்கள் வழியையே அடைத்துக்கொண்டு நிற்கும், நீங்கள் விட்ட நெருப்பு அதன் முதுகில் படும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் சிலர் கூடவே கிளான்ஃபியரை வைத்துக்கொண்டு திரிகிறார்களே?

அவர்கள் பெரும்பாலும் சார்சரர் என்ற மந்திரவாதி வகுப்பினர். டேட்ராவை வரவழைக்கும் திறன் வரிசையில் முதலில் ஒரு சின்ன துணை உயிர் கிடைக்கும். அந்தத் திறனை நான்காம் படி வரை வளர்த்தால் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் ஒன்று கிளான்ஃபியர். எதிரியை முட்டும், வாலால் அடிக்கும். அதைவிட முக்கியம், திறனை மறுபடி அழுத்தினால் உங்களையும் தன்னையும் குணப்படுத்தும். அந்தக் குணமாகும் அளவு உங்கள் அதிகபட்ச உயிரைப் பொறுத்தது. உயிரை ஏற்றி வைத்துக்கொண்டு முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் சார்சரர்கள் இதை விரும்புவது அதனால்தான். சேதம் மட்டும் வேண்டும் என்பவர்கள் மற்ற வழியில் போவார்கள்.

இரண்டு ஆயுத வரிசையிலும் அந்தத் திறனை வைத்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வைத்தால் ஆயுதம் மாற்றியதும் மறைந்துவிடும். இதைத் தெரியாமல் "என் கிளான்ஃபியர் காணாமல் போய்விட்டது" என்று வருந்துபவர்கள் நிறைய. அப்புறம், வங்கிக்காரர் முன்னாலும் வியாபாரிகள் முன்னாலும் அதை அனுப்பிவிட்டு நில்லுங்கள், பின்னால் வருபவர்களுக்கு வழி கிடைக்கும்.

டேட்ராத்தும் கிளான்ஃபியரும் ஒன்றா?

இல்லை. இரண்டுமே ஊர்வன வகை, இரண்டுக்கும் நகம் உண்டு, அதனால் குழம்புகிறது. டேட்ராத்துக்கு முதலைத் தலை, பருத்த உடம்பு. ஆப்லிவியனில் அதிக லெவலில்தான் வரும், சாய்க்க நேரம் எடுக்கும். ஆன்லைனில் நெருப்பும் கக்கும். பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: டேட்ரா என்பது பன்மை, டேட்ராத் என்பதே அதன் பழைய ஒருமை. ஆகவே கேமுக்குள் உள்ள புத்தகங்களில் 'டேட்ராத்' என்று வந்தால், முதலைத் தலையனா அல்லது பொதுவாக ஒரு டேட்ராவா என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

டெத்க்ளாவும் இதுவும் உறவா?

தொடர்பில்லை. டெத்க்ளா ஃபால்அவுட் தொடரில் 1997 முதல் வருவது. அணு ஆயுதப் போருக்கு முன் ராணுவம் ஜாக்சன் பச்சோந்தியிலிருந்து உருவாக்கிய மிருகம் என்பது அதன் கதை. பின்னாளில் இரண்டு தொடர்களும் ஒரே நிறுவனத்திடம் சேர்ந்ததால் ஒப்பிடுகிறார்கள். டெத்க்ளா எதிரில் வந்தால் அந்தப் பகுதியையே விட்டு ஓடத் தோன்றும். கிளான்ஃபியரை நின்று எதிர்கொள்ளலாம்.

அதற்குப் பேச்சு, புத்தி உண்டா?

பேச்சு கிடையாது. புத்தியும் வேட்டைக்கு வேண்டிய அளவுதான். மோரோவிண்டில் கால்டெரா ஊரில் ஒரு ஸ்கேம்ப் வியாபாரியாக உட்கார்ந்து உங்களிடம் பொருள் வாங்கும், நல்ல விலையும் கொடுக்கும். கிளான்ஃபியரிடம் அப்படி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ரீமாஸ்டரில் விளையாடுவதா, பழைய ஆப்லிவியனிலா?

கிளான்ஃபியருக்காக மட்டும் கேட்டால் ரீமாஸ்டர் என்பேன். அன்ரியல் எஞ்சின் 5இல் வரும் தோல், முள், தலைக்கவசத்தின் விளிம்பு எல்லாம் நின்று பார்க்க வேண்டியவை. ஓட்ட வேகத்தைக் கூட்டும் வசதியும் அதில் புதிதாக வந்திருக்கிறது. பழையதில் விளையாடுபவர்கள் அதை எண்ணி வருந்த வேண்டாம். குவாட்ச் வாசலைத் தாண்டியதும் ஒரு நிமிடம் நகராமல் நில்லுங்கள். சிவந்த வானத்துக்குக் கீழே, தூரத்துப் பாறை ஓரத்தில் ஒரு கிளான்ஃபியர் உங்களைப் பார்க்காமல் தன்போக்கில் நடந்துகொண்டிருந்தால், அது உங்கள் பக்கம் திரும்பும்வரை வில்லை எடுக்காமல் அந்த நடையைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.